கூட்டாய்வு என்று வருகிறார்கள், கையெழுத்துப் போடலாமா? வாசகர் கேள்வி பதில்

போன இதழில் ஒரு வாசகர், பல்கலைக்கழகமும் மக்களும் சேர்ந்து செய்யும் ஆய்வுகளால் மக்களுக்கு ஏதாவது பலன் உண்டா என்று கேட்டிருந்தார். "உண்டு, கையெழுத்துப் போடும் முன்பே எல்லாவற்றையும் பேசித் தீர்த்துக்கொண்டால்" என்று ஒரே வரியில் பதில் சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். அந்த ஒற்றை வரி பலரைச் சும்மா விடவில்லை போலிருக்கிறது. வந்த கடிதங்களில் கொஞ்சம் திட்டு, நிறைய சந்தேகம். (திட்டியவர்கள் எல்லாம் பேராசிரியர்கள். சந்தோஷம்.) அதனால் இந்த முறை பக்கம் முழுக்க இதற்குத்தான். பெயர் போட வேண்டாம் என்று பலரும் கேட்டுக்கொண்டதால் யார் பெயரும் இல்லை.

கேள்வி: எங்கள் சங்கத்துக்கு முன்பு ஒரு பல்கலைக்கழகத் துறையிலிருந்து ஆட்கள் வந்து வீடு வீடாகக் கேள்வி கேட்டார்கள், போட்டோ எடுத்தார்கள், போனார்கள். அப்புறம் ஆளையே காணோம், ரிப்போர்ட்டும் வரவில்லை. இப்போது வேறொரு துறை வந்து நிற்கிறது. இவர்கள் "கூட்டாய்வு" என்கிறார்கள், "நீங்களும் ஆய்வாளர்கள்தான்" என்கிறார்கள். நம்பலாமா?
– சங்கச் செயலாளர்

பதில்: நம்புவதும் நம்பாததும் அப்புறம். முதல் கூட்டத்திலேயே ஒன்று கேட்டுவிடுங்கள்: "இந்த ஆய்வில் நாங்கள் எதை மாற்றலாம்?"

"கேள்வித்தாளில் கடினமான வார்த்தை இருந்தால் மாற்றிக் கொடுங்கள்" என்றால், உங்களிடம் சம்பளமில்லாமல் வேலை வாங்கப் பார்க்கிறார்கள். "எதை ஆராய்வது என்பதையே சேர்ந்து முடிவு செய்யலாம், அதற்காகவே முதல் சில மாதங்களை ஒதுக்கியிருக்கிறோம்" என்றால் நாற்காலி போட்டு உட்கார வையுங்கள். பெரும்பாலும் பதில் இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கும். அதற்காக அவர்களை மோசடிக்காரர்கள் என்று நினைக்க வேண்டியதில்லை. நிதி கொடுக்கும் அமைப்புகள் விண்ணப்பத்திலேயே ஆய்வுக் கேள்வி என்ன, முறை என்ன, என்ன கிடைக்கும் என்றெல்லாம் எழுதச் சொல்கின்றன. ஆக, பணம் வருவதற்குள் பாதி விஷயம் முடிவாகிவிடுகிறது, கூட்டாளியைத் தேடுவது அதற்குப் பிறகுதான் நடக்கிறது. "தலைப்பை மாற்ற முடியாது, ஆனால் யாரிடம் கேட்பது, எப்படிக் கேட்பது, முடிவை எங்கே பயன்படுத்துவது என்பதெல்லாம் உங்கள் கையில்" என்று அவர்கள் வெளிப்படையாகச் சொன்னால் அது ஒரு நேர்மையான பேரம். பிடித்தால் சேருங்கள், இல்லையென்றால் வணக்கம் சொல்லி அனுப்புங்கள்.

ஷெர்ரி ஆர்ன்ஸ்டீன் என்ற அமெரிக்கப் பெண்மணி 1969-ல் மக்கள் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாக வரைந்து காட்டினார். கீழ் இரண்டு படிகளில் பங்கேற்பே கிடையாது, மக்களைத் தட்டிக்கொடுத்து வழிக்குக் கொண்டுவருவது மட்டும்தான். நடு மூன்றில் தகவல் சொல்வார்கள், கருத்துக் கேட்பார்கள், குழுவில் ஓரிரு இடம் கொடுத்துச் சமாதானப்படுத்துவார்கள், ஆனால் முடிவெடுக்கும் உரிமை அதிகாரத்தில் இருப்பவர்களிடமே இருக்கும். மேல் மூன்றில்தான் அதிகாரம் பகிரப்படுகிறது. 50 வருடத்துக்கு மேல் ஆகியும் அந்த ஏணி இன்னும் பயன்படுகிறது. "ஆலோசனைக் குழுவில் உங்களுக்கு இரண்டு இடம்" என்று யாராவது சொன்னால் அது எத்தனையாவது படி என்று மனசுக்குள் எண்ணிப் பாருங்கள்.

பழைய ஆய்வு விஷயத்துக்கு வருகிறேன். அதை விட்டுவிடாதீர்கள். அது பிஎச்.டி. ஆய்வாக இருந்திருந்தால் ஆய்வேடு அந்தப் பல்கலைக்கழக நூலகத்தில் இருந்தாக வேண்டும். புதிதாக வந்தவர்களிடம், "அடுத்த கூட்டத்துக்கு வரும்போது அந்தப் பழைய ஆய்வில் எங்களைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று தேடிக் கொண்டுவந்து வாசித்துக் காட்டுங்கள்" என்று சொல்லுங்கள். எப்படியும் அவர்கள் முந்தைய ஆய்வுகளைப் படித்துத்தான் ஆக வேண்டும். இதைக்கூடச் செய்யாதவர்கள் உங்கள் ஆய்வைத் திருப்பிக் கொடுப்பார்கள் என்று எதிர்பார்க்க முடியாது.

கேள்வி: புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் கையெழுத்தாகி, கைகுலுக்கி, செய்தியும் வந்துவிட்டால் கூட்டாய்வு தொடங்கிவிட்டது என்று சொல்லலாமா?
– கல்லூரி மாணவர்

பதில்: செய்தி வந்துவிட்டது என்று சொல்லலாம்.

கேள்வி: என் ஆய்வில் பரிசோதனைக்கான மாதிரிகளை மக்களையே சேகரிக்க வைக்கலாம் என்று இருக்கிறேன். "பாதிக்கப்பட்டவனே அளவெடுத்தால் தனக்குச் சாதகமாகத்தான் எடுப்பான், ஜர்னலில் ஒருவரும் ஏற்க மாட்டார்கள்" என்கிறார் என் கைடு. என்ன பதில் சொல்வது?
– ஆய்வு மாணவி

பதில்: உங்கள் கைடு சொல்வதில் பாதி நியாயம். சார்பு வரலாம், வரும். ஆனால் அது மக்களுக்கு மட்டும் வரும் நோய் இல்லை. அமெரிக்காவின் ஃபிளின்ட் நகரத்தில் நடந்ததை அவரிடம் விவரமாகச் சொல்லுங்கள்.

2014 ஏப்ரலில் அந்த நகரம் செலவைக் குறைப்பதற்காகக் குடிநீர் ஆதாரத்தை ஃபிளின்ட் ஆற்றுக்கு மாற்றியது. குழாய் அரிப்பைத் தடுக்கும் வேதிப்பொருளைச் சேர்க்கவில்லை. பழைய ஈயக் குழாய்கள் கரைய ஆரம்பித்தன. மக்கள் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக் கூட்டங்களுக்கு எடுத்துப் போய்க் காட்டினார்கள், அதிகாரிகள் தண்ணீர் நன்றாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். லீஆன் வால்டர்ஸ் என்ற தாயின் வீட்டுத் தண்ணீரில் 2015 தொடக்கத்தில் ஈயம் 104 பிபிபி, அதாவது நூறு கோடியில் 104 பங்கு. 15-ஐத் தாண்டினாலே நடவடிக்கை எடுக்க வேண்டும் என்பது அந்நாட்டின் அப்போதைய விதி.

அதிகாரபூர்வப் பரிசோதனையில் மட்டும் எப்படிச் சரியாக வந்தது? மாதிரி எடுப்பதற்கு முந்தின இரவே குழாயைச் சில நிமிடம் திறந்து ஓடவிடுங்கள் என்று அறிவுரைத் தாளில் இருந்தது. ஓடவிட்டால் குழாயில் தேங்கிய ஈயம் போய்விடும், மறுநாள் பிடிக்கிற தண்ணீர் சுத்தமாகத்தான் தெரியும். வெள்ளைக் கோட்டு போட்டவர்கள் வகுத்த முறை இது. சார்பு எங்கே இருந்தது என்று உங்கள் கைடிடமே கேளுங்கள்.

வால்டர்ஸ் தொடர்பு கொண்ட வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் எட்வர்ட்ஸின் குழு, 300 பரிசோதனைப் பெட்டிகளை அனுப்பியது. மக்களே அவற்றை வீடு வீடாகக் கொடுத்து, திரும்ப வாங்கினார்கள். 250-க்கு மேல் திரும்பி வந்தன, இதுபோன்ற வேலையில் அசாதாரணமான எண்ணிக்கை. ஒவ்வொரு பெட்டியிலும் மூன்று பாட்டில். ஆறு மணி நேரமாவது குழாயைத் தொடாமல் வைத்திருந்து, முதலில் வரும் தண்ணீரை ஒரு லிட்டர் பாட்டிலில் பிடிக்க வேண்டும். 45 விநாடி ஓடவிட்டு இரண்டாவது. இரண்டு நிமிடம் ஓடவிட்டு மூன்றாவது. மூன்றையும் ஒப்பிட்டால் ஈயம் வீட்டுக்குள் இருக்கும் குழாயிலிருந்து வருகிறதா, தெருவிலிருந்து வீட்டுக்கு வரும் குழாயிலிருந்தா என்று ஓரளவு பிரித்துப் பார்க்கலாம். பாட்டிலை நிரப்பியவர் பாதிக்கப்பட்டவர்தான், ஆனால் அளந்தது ஆய்வகக் கருவி, எப்படி நிரப்புவது என்பது எல்லோருக்கும் ஒரே மாதிரி. அந்த ஆண்டு செப்டம்பரில் குழந்தைகள் மருத்துவர் மோனா ஹன்னா-அட்டிஷா குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம் கூடியிருப்பதைக் காட்டினார். அக்டோபரில் நகரம் பழைய தண்ணீருக்கே திரும்பியது.

ஆக, "யார் அளந்தார்கள்" என்பதை விட "எப்படி அளக்கச் சொன்னீர்கள்" என்பதுதான் உங்கள் ஆய்வேட்டில் விரிவாக எழுத வேண்டிய அத்தியாயம். எந்த மாதிரி எந்த வீட்டுடையது என்பது ஆய்வகத்தில் அளப்பவருக்குத் தெரியாமல் எண் மட்டும் போட்டு அனுப்புங்கள், சில மாதிரிகளை இரட்டையாக எடுங்கள். கைடு அமைதியாகிவிடுவார்.

ஒன்று சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இது தேவதைக் கதையாகிவிடும். இதே ஃபிளின்ட்டில் பின்னால் உறவு கசந்தது. தண்ணீர் தேறிவருகிறது என்று எட்வர்ட்ஸ் சொன்னதைச் சில செயற்பாட்டாளர்கள் ஏற்கவில்லை, அவர் 2018-ல் சிலர் மீது அவதூறு வழக்குப் போட்டார், 2019-ல் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. நெருக்கடியில் சேர்ந்தவர்கள் நெருக்கடி தணிந்ததும் யார் பேச்சு எடுபடுவது என்று முட்டிக்கொண்டார்கள்.

கேள்வி: எங்கள் பகுதியில் ரத்த மாதிரி எடுக்கிறார்கள். ஒப்புதல் படிவத்தில் "இது தொடர்பான பிற ஆய்வுகளுக்கும் பயன்படுத்தலாம்" என்று ஒரு வரி இருக்கிறது. சும்மா சம்பிரதாயம்தான் என்கிறார்கள்.
– சுகாதாரத் தன்னார்வலர்

பதில்: சம்பிரதாயம் என்றால் அடித்துவிடச் சொல்லுங்கள். அப்போது தெரியும்.

அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கில் வாழும் ஹவசுபாய் பழங்குடியினரிடம் சர்க்கரை நோய் அதிகம். 1990 முதல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ரத்தம் எடுத்தார்கள். சர்க்கரை நோய்க்காக என்றுதான் மக்கள் நினைத்தார்கள். ஆனால் படிவத்தில் இருந்த வாசகம் அகலமானது. அதே ரத்தம் மனச்சிதைவு நோய், உறவுக்குள் திருமணம், அவர்களுடைய முன்னோர் எங்கிருந்து வந்தார்கள் என்பது வரை ஆராயப் பயன்பட்டது. கடைசியாகச் சொன்னது அவர்களுடைய சொந்தத் தோற்றக் கதைக்கே எதிரானது. இது வெளியே வந்த விதம்தான் கவனிக்க வேண்டியது: 2003-ல் அந்த இனத்தைச் சேர்ந்த ஒரு பெண் பல்கலைக்கழகத்தில் ஒரு முனைவர் பட்ட ஆய்வு விளக்கக் கூட்டத்தில் போய் உட்கார்ந்தார். பேசப்படுவது தங்கள் ரத்தம் என்று புரிந்ததும் எழுந்து, "இதற்கு அனுமதி வாங்கினீர்களா" என்று கேட்டார். அங்கிருந்து வழக்கு, 2010-ல் சமரசம். 41 பேருக்கு 7 லட்சம் டாலர், மீதமிருந்த ரத்த மாதிரிகளும் திரும்பக் கொடுக்கப்பட்டன.

உங்கள் படிவத்தில் நான்கு விஷயம் தெளிவாக இருக்க வேண்டும். எந்த நோய்க்கு, எத்தனை வருடம் வைத்திருப்பார்கள், வேறு யாருக்குக் கொடுப்பார்கள், நான் விலகினால் என் மாதிரி என்னாகும். வேறு ஆய்வுக்கு வேண்டுமென்றால் திரும்ப வந்து கேட்கட்டும், வழி தெரியும்தானே. கனடாவின் பழங்குடி அமைப்புகள் 1998-லேயே தரவு யாருக்குச் சொந்தம், யார் கட்டுப்பாட்டில், யார் பார்க்கலாம், எங்கே இருக்க வேண்டும் என்ற நான்கையும் தங்கள் உரிமையாக எழுதி வைத்துவிட்டார்கள். நாலாவதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். உரிமை உங்களுக்கு, கம்ப்யூட்டர் அவர்களுடையது என்றால் அந்த உரிமையை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

கேள்வி: ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கையெழுத்து வாங்கிவிட்டோம். அப்புறமும் "சமூகத்தின் ஒப்புதல்" என்று தனியாக ஏன் கேட்கிறார்கள்? சமூகம் என்றால் யார், தலைவரா?
– உதவிப் பேராசிரியர்

பதில்: ஏனென்றால் நீங்கள் எழுதப்போவது அந்தத் தனி ஆட்களைப் பற்றி அல்ல. 2010-ல் நமீபியாவைச் சேர்ந்த சான் பழங்குடியினர் நால்வரின் மரபணு வரிசை விவரங்கள் வெளியாயின. ஒப்புதல் வாங்கியிருக்கிறோம் என்றார்கள் ஆய்வாளர்கள். எங்கள் இனத்தையே பற்றிப் பேசிவிட்டு எங்கள் அமைப்புகளை ஒரு வார்த்தை கேட்கவில்லை, கட்டுரையில் எங்களைக் குறித்த சொற்களும் அவமானமாக இருக்கின்றன என்றார்கள் சான் தலைவர்கள். 2017-ல் தென்னாப்பிரிக்க சான் மக்கள் தங்களை ஆராய வருகிறவர்களுக்குத் தாங்களே ஒரு நெறிமுறை எழுதி வெளியிட்டார்கள். மரியாதை, நேர்மை, நீதி, அக்கறை, முறையாக வந்து கேட்பது என்று ஐந்தே தலைப்பு. யாரும் படிக்கக்கூடிய நீளம்.

உங்கள் இரண்டாவது கேள்வி கஷ்டமானது. தலைவர் சமூகம் இல்லை. எளிதில் கிடைப்பவர், நன்றாகப் பேசுபவர், தேநீர் வாங்கித் தருபவர், இவர்களைத்தான் பல்கலைக்கழகங்கள் "சமூகப் பிரதிநிதி" ஆக்குகின்றன. யார் வாய் திறக்கவில்லை என்று பாருங்கள். பெண்கள் தனியாக, இளைஞர்கள் தனியாக, அந்தத் தலைவரோடு பேச்சுவார்த்தை இல்லாதவர்கள் தனியாக, மூன்று கூட்டமாவது நடத்துங்கள். மூன்றிலும் ஒரே பதில் வந்தால் அதைச் சமூகத்தின் குரல் என்று எழுதலாம். வேறு வேறாக வந்தால் அதையும் எழுதலாம், பெரும்பாலும் அதுதான் உண்மை.

கேள்வி: திட்ட பட்ஜெட்டைக் காட்டினார்கள். எங்கள் அமைப்பின் பெயருக்கு எதிரே "தன்னார்வப் பங்களிப்பு" என்று மட்டும் இருக்கிறது, தொகை இல்லை. பணம் கேட்டால் தப்பாக நினைப்பார்களோ?
– பொருளாளர்

பதில்: நினைக்கட்டும். அதே தாளில் பேராசிரியரின் பயணத்துக்கு, உதவியாளரின் சம்பளத்துக்கு, பல்கலைக்கழகத்தின் நிர்வாகச் செலவுக்கு எல்லாம் தொகை இருக்கிறதல்லவா? உங்கள் ஆட்கள் வேலையை விட்டுவிட்டுக் கூட்டத்துக்கு வருவதும், வீடுகளை அறிமுகப்படுத்துவதும், கோபமாக இருப்பவரைச் சமாதானப்படுத்துவதும் வேலைதான். வெளியாள் செய்தால் அதற்குக் களப் பணியாளர் என்று பெயர் வைத்துச் சம்பளம் போடுவார்கள்.

கேட்கும்போது தொகையை மட்டும் கேட்காதீர்கள், எப்போது வரும் என்று கேளுங்கள். பல்கலைக்கழக நிதிப் பிரிவு ஒரு பில்லை நகர்த்த எடுத்துக்கொள்ளும் நேரத்தில் சின்ன அமைப்புகள் மூச்சுத் திணறிவிடும். முன்பணம் உண்டா, உங்கள் அமைப்பின் கணக்குக்கே நேராக ஒரு பகுதியை மாற்ற முடியுமா, கணக்கு எழுதும் ஆளுக்குச் சம்பளம் அதில் சேருமா (இதை விட்டுவிட்டு அப்புறம் தணிக்கையில் மாட்டிக்கொண்டு முழிப்பவர்கள் அதிகம்), திட்டம் முடிந்த பிறகு வாங்கிய கருவி யாருக்கு? கடைசிக் கேள்விக்கு "நிறுவனத்துக்கு" என்றுதான் பெரும்பாலும் விதியில் இருக்கும், முன்கூட்டியே எழுத்தில் கேட்டால் சில நேரம் வழி பிறக்கும். வந்த தொகையையும் யாருக்கு எவ்வளவு போனது என்பதையும் எல்லோரும் பார்க்கும்படி ஒட்டிவிடுங்கள். பணம் வராத திட்டங்களால் மக்கள் சலித்துப்போவார்கள், பணம் வந்தும் கணக்குச் சொல்லாத திட்டங்களால் அமைப்பே உடைந்துவிடும்.

கேள்வி: ஆய்வு முடிவு எங்களுக்கே பாதகமாக வந்தால்? எங்கள் பழக்கத்தால்தான் நோய் என்று எழுதிவிட்டால்? வெளியிடக் கூடாது என்று ஒப்பந்தத்தில் சேர்க்கலாமா?
– சமூக அமைப்பு உறுப்பினர்

பதில்: சேர்க்காதீர்கள். நல்ல ஆய்வாளர் யாரும் அதற்கு ஒத்துக்கொள்ள மாட்டார், ஒத்துக்கொள்கிறவரின் ஆய்வை யாரும் நம்ப மாட்டார்கள், அப்புறம் உங்களுக்குச் சாதகமாக வரும் முடிவுக்கும் மதிப்பு இருக்காது. இதற்கு அழகான ஒரு ஏற்பாடு ஏற்கனவே இருக்கிறது. கனடாவில் மான்ட்ரியல் அருகே கானவாகே என்ற மோஹாக் பழங்குடி ஊரில் சர்க்கரை நோய் கூடிக்கொண்டே போனது, நம் குழந்தைகளுக்காவது வராமல் ஏதாவது செய்யுங்கள் என்று பெரியவர்கள் கேட்டார்கள், 1994-ல் பள்ளிகளை வைத்து ஒரு தடுப்புத் திட்டம் ஆரம்பமானது. மெக்கில் முதலான பல்கலைக்கழகங்களும் ஊர் ஆலோசனைக் குழுவும் கூட்டாளிகள். அவர்கள் உட்கார்ந்து எழுதிய நெறிமுறையின்படி வெளியீட்டைத் தடுக்கும் அதிகாரம் யாருக்கும் கிடையாது. ஆனால் முடிவுக்கு என்ன பொருள் என்பதில் ஒரு தரப்புக்குக் கருத்து வேறுபாடு வந்தால், அந்தத் தரப்பு தன் விளக்கத்தையும் அதே வெளியீட்டில் சேர்க்க அழைக்கப்பட வேண்டும். அதாவது வாசகர் இரண்டு வாசிப்பையும் ஒரே இடத்தில் பார்ப்பார்.

உங்கள் ஒப்பந்தத்தில் இதை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். கூடவே ஒரு காலக்கெடு: வெளியிடும் முன் வரைவு உங்களிடம் வர வேண்டும், நீங்கள் இத்தனை நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். நீங்கள் இழுத்தடித்தால் அவர்கள் காத்திருக்க வேண்டியதில்லை. பெயரை மறைப்பது தனி விஷயம். உங்கள் பகுதியின் பெயரைப் போட்டால் வேலையிலோ காப்பீட்டிலோ சிக்கல் வரும் என்றால், பெயர் இல்லாமல் வெளியிடக் கேட்பது முழுக்க நியாயம்.

கேள்வி: பாரம்பரிய அறிவைப் பகிர்ந்துகொண்டவர்களுக்கு லாபத்தில் பங்கு கொடுத்த உதாரணம் நிஜமாகவே உண்டா, இல்லை பேச்சு மட்டும்தானா?
– தாவரவியல் ஆசிரியை

பதில்: உண்டு, அகத்தியமலையிலேயே. 1987-ல் அங்கே ஆய்வுக்குப் போன விஞ்ஞானிகளுக்கு மலையேற்றத்தில் மூச்சு வாங்கியது, வழிகாட்டியாக வந்த காணி பழங்குடியினர் ஏதோ காயை மென்றுகொண்டு சளைக்காமல் ஏறினார்கள். அது ஆரோக்கியப்பச்சை என்ற செடியின் காய். திருவனந்தபுரம் அருகே பாலோட்டில் உள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா மற்றும் ஆராய்ச்சி நிறுவனம் அந்தச் செடியின் இலையிலிருந்து 'ஜீவனி' என்ற மருந்தை உருவாக்கி, கோயம்புத்தூர் ஆரிய வைத்திய ஃபார்மசிக்கு உரிமம் கொடுத்தது. உரிமத் தொகை 10 லட்சம் ரூபாய், விற்பனையில் 2 சதவீதம் ராயல்டி, இரண்டிலும் பாதி காணி மக்களுக்கு. இந்தியாவில் பல்லுயிர்ச் சட்டம் வந்தது 2002-ல், இப்படிப் பயனைப் பகிரச் சொல்லும் நகோயா நெறிமுறை என்ற சர்வதேச ஒப்பந்தம் 2010-ல். இது அதற்கெல்லாம் முன்பே நடந்தது.

ஆனால் பணத்தை வாங்க ஒரு அமைப்பு வேண்டுமே, காணி மக்களுக்கான அறக்கட்டளை 1997-ல்தான் பதிவானது. எல்லாக் காணி மக்களும் அதில் இல்லை, எங்களைக் கேட்காமல் சிலர் சொல்லிவிட்டார்கள் என்று மற்ற பகுதியினர் வருத்தப்பட்டார்கள். செடி வளர்வது காட்டில், இலை பறிக்க வனத்துறை ஒத்துக்கொள்ள வேண்டும், அங்கே சிக்கி மருந்து உற்பத்தியே தடுமாறியது. பங்கு எத்தனை சதவீதம் என்று பேசிய அளவுக்கு இலை எங்கிருந்து வரும் என்று யாரும் பேசவில்லை என்பது என் கருத்து. உங்களுக்குள் யாராவது இப்படி ஒரு பேச்சுவார்த்தைக்குப் போனால் சதவீதத்தோடு நிறுத்தாதீர்கள். மூலப்பொருளை யார் வளர்ப்பார்கள், யார் அனுமதி தருவார்கள், உரிமம் முடிந்தால் என்ன என்பதையும் அதே நாளில் கேளுங்கள்.

கேள்வி: 300 பக்க ஆய்வேட்டை மக்களிடம் எப்படித் திருப்பிக் கொடுப்பது? யார் படிப்பார்கள்?
– ஆய்வு மாணவர்

பதில்: யாரும் படிக்க மாட்டார்கள், உங்கள் தேர்வாளர்கள் உட்பட. 1970-களில் கொலம்பியாவின் சமூகவியலாளர் ஓர்லாண்டோ ஃபால்ஸ் போர்டா, பல்கலைக்கழகத்தை விட்டு வெளியே வந்து கரீபியன் கடற்கரை விவசாயிகளோடு அவர்களின் நிலப் போராட்ட வரலாற்றைத் தொகுத்தார். உலியானோவ் சலார்கா என்ற ஓவியர் அதைப் படக்கதைகளாக வரைந்தார். வரைந்ததை விவசாயிகளிடமே காட்டித் திருத்தினார்கள். அந்தத் திருத்தம்தான் விஷயம். முடிந்த பிறகு கொண்டுபோய்க் கொடுத்தால் அது வெறும் விநியோகம். பாதியில் காட்டினால் "இது இப்படி நடக்கலை" என்று ஒருவர் சொல்வார், உங்கள் நான்காம் அத்தியாயம் உருப்படும்.

கேள்வி: பதவி உயர்வுக்குக் கட்டுரை எண்ணிக்கைதான் பார்க்கிறார்கள். மக்களோடு சேர்ந்து செய்தால் முதல் கட்டுரைக்கே வருடக்கணக்காகிறது. இதில் இறங்குவது முட்டாள்தனமா?
– புதிதாகப் பணியில் சேர்ந்தவர்

பதில்: தனியாக, புதிதாக ஒரு உறவை ஆரம்பிப்பது என்றால், இப்போதைக்கு ஆமாம். இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும், வரட்டும். நம்பிக்கை வருவதற்குள் உங்கள் தகுதிகாண் காலம் முடிந்துவிடும், அவசரத்தில் நீங்கள் மக்களை நெருக்குவீர்கள், அவர்கள் இன்னொரு தடவை ஏமாந்ததுதான் மிச்சம். ஏற்கனவே நல்ல உறவு வைத்திருக்கும் மூத்தவர் யாராவது இருந்தால் அந்தத் திட்டத்தில் ஒரு பகுதியைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். முறை பற்றி, அதாவது மாதிரி எப்படி எடுத்தீர்கள், யார் எப்படி முடிவெடுத்தார்கள் என்பதைப் பற்றியும் கட்டுரை எழுதலாம், அதற்கு இறுதி முடிவு வரக் காத்திருக்க வேண்டியதில்லை. மக்கள் தரப்பில் உழைத்தவர்களின் பெயரையும் ஆசிரியர்களாகப் போடுங்கள், அவர்கள் ஒப்புக்கொண்டால். நன்றி பகுதியில் ஒரு வரி போட்டு முடித்துவிடாதீர்கள்.

கேள்வி: எப்போதும் அவர்களே வருகிறார்கள். எங்களிடம் ஒரு பிரச்சினை இருக்கிறது, நாங்களாக ஒரு பல்கலைக்கழகத்தைத் தேடிப் போக முடியாதா?
– விவசாயிகள் குழு

பதில்: தாராளமாக. 1970-களில் நெதர்லாந்துப் பல்கலைக்கழகங்களில் இதற்காகவே ஒரு வாசல் திறந்தார்கள், அறிவியல் கடை என்று பெயர். மக்கள் அமைப்புகள் கேள்வியோடு வரலாம், மாணவர்களும் ஆசிரியர்களும் சேர்ந்து விடை தேடுவார்கள். நிபந்தனை மூன்றுதான்: கேட்பவருக்கு ஆய்வுக்குப் பணம் கட்டும் வசதி இருக்கக் கூடாது, வியாபார நோக்கம் இருக்கக் கூடாது, கிடைக்கும் விடையை வைத்து ஏதாவது செய்யும் நிலையில் இருக்க வேண்டும். பிறகு பல நாடுகளுக்கு இது பரவியது. அப்படி ஒரு வாசல் இல்லாத பல்கலைக்கழகம் என்றாலும் நீங்களே தட்டலாம்.

ஒரு பக்கக் கடிதம் போதும். "எங்கள் மண் கெட்டுவிட்டது, உதவுங்கள்" என்று எழுதினால் யாருக்கும் பிடி கிடைக்காது. எந்த நிலத்தில், எந்த வருடத்திலிருந்து, என்ன மாற்றம் பார்த்தீர்கள், எது காரணம் என்று சந்தேகப்படுகிறீர்கள், விடை தெரிந்தால் அடுத்த சாகுபடிக்கு முன் என்ன முடிவெடுப்பீர்கள் என்று எழுதுங்கள். நீங்கள் என்ன தருவீர்கள் என்பதையும் சொல்லுங்கள்: நிலம், நாள்தோறும் குறித்து வைக்க ஆள், பழைய விளைச்சல் கணக்கு. முதுகலை மாணவர்கள் ஆய்வுத் தலைப்புத் தேடி அலையும் நேரம் ஒன்று ஒவ்வொரு கல்வியாண்டிலும் வரும், அதற்கு ஓரிரு மாதம் முன்பு கடிதம் போய்ச் சேரட்டும். துணைவேந்தருக்கு அனுப்பாதீர்கள், அது ஃபைலாகிவிடும். துறைத் தலைவருக்கும் அந்தத் துறையில் உங்கள் விஷயத்தைப் படித்த ஆசிரியர் ஒருவருக்கும் நேராக அனுப்புங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டால் இன்னொரு துறைக்கு அதே கடிதம்.